டெக் நானா சொன்ன படம்

அந்தப் படத்தை அதன் சொந்த ஒலியோடு சென்ற மாதம்தான் முழுமையாகப் பார்த்தேன். பனி கொட்டும் ஓர் அமெரிக்கச் சிற்றூர். அதன் மேட்டில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரி. அங்கிருந்து மூன்று நோயாளிகள் தப்பிக்கிறார்கள். விடிவதற்குள் ஊரில் வீடு வீடாகக் கொலை விழுகிறது. வெளிவந்த காலத்தில் யாரும் சீண்டாத படமாம். இப்போது இணையத்தில் உலகெங்கும் சிதறிக் கிடக்கும் ஒரு சிறு கூட்டம் அதைத் தூக்கி வைத்துப் பேசுகிறது. அவர்கள் எழுதியதையெல்லாம் தேடிப் படித்தேன். கொலைகாரனின் முகத்தை இயக்குநர் ஒரே ஓர் இடம் தவிர மறைத்தே வைத்து, கையை மட்டும் காட்டியதுதான் அதன் பெருமை என்கிறார்கள். உண்மைதான். நல்ல படம். ஆனால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மாத்தளையில் என் மேசை முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது, அந்த நடிகர்கள் பேசிய ஆங்கிலம் எதுவும் எனக்குள் இறங்கவில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் வேறொரு குரல் கேட்டது.

அந்தக் குரலுக்கு உரியவரை நாங்கள் டெக் நானா என்று அழைத்தோம். வீடியோ டெக்கையும் டிவியையும் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய்ப் படம் காட்டியவர். சொந்தப் பெயர் நிச்சயம் இருந்திருக்கும். நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. முஸ்லிம் ஆள், ஆகவே அண்ணன் என்ற பொருளில் நானா. நான் அப்போது றத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் பாதையில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. எதற்கும் தேதி போட்டு வைக்கும் பழக்கம் எனக்கு அன்றே உண்டு. இந்த மாவட்டத்தின் தோட்டங்களில் காட்டப்பட்ட படங்களைப் பற்றி ஒரு குறிப்பு தொகுக்கலாம் என்று இப்போது உட்கார்ந்தால், இவர் விஷயத்தில் மட்டும் தேதி கிடைக்கவில்லை. அந்தப் படம் வந்தபோது மாத்தளைத் தேர் முடிந்து கொஞ்ச நாள், மேல் மலையில் தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது என்பது வரைக்கும் சொல்ல முடியும். அதற்கு மேல் போனால் ஊகம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வருவார். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராதான் எங்கள் தியேட்டர். ஜன்னல்களில் தேயிலைச் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்குவார்கள். ஸ்டோரிலிருந்து, அதாவது தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து, வயர் இழுத்திருக்கும். டிவியை இரண்டு பேர் சாக்கில் சுற்றி, தலையணை வைத்துத் தூக்கி வருவார்கள். டெக்கை மட்டும் அவர் யாரிடமும் கொடுக்கமாட்டார். மடியில் வைத்தபடியே பஸ்ஸில் வந்து, நெஞ்சோடு அணைத்தபடியே மேட்டில் ஏறுவார். ஒல்லியான ஆள். முழுக்கைச் சட்டையின் கைப் பொத்தானை வெயிலிலும் கழற்றமாட்டார். ஸ்டோரில் மணி அடித்தால், அது எதற்கான மணியாக இருந்தாலும், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நிற்பார். பிறகு தன்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்காருவார்.

தமிழ்ப் படம் கிடைக்காத வாரங்களில் ஆங்கிலப் படம் கொண்டுவருவார். அன்று டிவியின் ஒலியைக் குறைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு சின்ன முக்காலியில் இருந்து, அவரே கதை சொல்வார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்த ஒரு பத்துச் சொல்லை வைத்துக்கொண்டு மீதியை முகங்களிலிருந்து எடுத்துக்கொள்வார். அதில் ஒரு பிடிவாதம் இருந்தது. படத்தில் வருகிற எவரையும் அவர் வீடில்லாமல் விடமாட்டார்.

ஒரு சண்டைப் படம் நினைவிருக்கிறது. கதாநாயகன் ஓர் அடியாளைக் கூரையிலிருந்து தள்ளிவிடுகிறான். விழுந்தவன் முகம் ஒரு கணம்கூடத் திரையில் இல்லை. நானா சொன்னார்: "இவன் கடைசிப் புள்ள. மூத்தது ரெண்டும் பொம்புளப் புள்ள. இன்னும் கலியாணம் முடிச்சுக் குடுக்கல்ல."

பெண்கள் பக்கம் "ஐயோ பாவமே" என்றார்கள். அதற்குப் பிறகு கதாநாயகன் எத்தனை பேரை அடித்தாலும் ஒரு கைதட்டல் இல்லை. ஸ்டோரில் வேலை செய்த செல்வத்துக்குப் பொறுக்கவில்லை.

"நானா, அடி வாங்குற ஆளுக்கெல்லாம் குடும்பக் கத சொன்னா நாங்க யாருக்குத்தான் விசிலடிக்கிறது?"

"நீ அடி. வேணாங்கல்ல. ஆனா அவனுக்கும் ஊட்டுல ஆள் இரிக்கு தானே."

இதுதான் அவருடைய வாக்கியம். ஒருமுறை முதலை ஒன்று மனிதர்களை விழுங்கும் படம் வந்தது. முதலைக்கு ஆற்றின் மறு கரையில் முட்டைகள் இருப்பதாகவும், அது அங்கே போகத்தான் பாடுபடுகிறது என்றும் சொல்லி, கடைசியில் முதலை சாகும்போது பிள்ளைகளை அழவைத்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒரு வாரம் முதலையையே வரைந்தார்கள்.

நான் ஆங்கிலம் படித்தவள். ஆரம்பத்தில் எனக்கு இது பெரிய எரிச்சல். படம் முடிந்ததும் தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் போய்த் திருத்துவேன்.

"நானா, அந்த ஆள் அவளுக்கு அண்ணன் இல்ல. பொலிஸ்காரன். அவளக் கைது பண்ண வந்தவன்."

அவர் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். "டீச்சர் சொன்னா சரியாத்தான் இரிக்கும்" என்பார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா டீச்சர், பொலிஸ்காரனும் அந்தியாவ ஒரு ஊட்டுக்குப் போகத்தானே வேணும்?" என்பார்.

கொஞ்ச நாளில் நான் திருத்துவதை விட்டேன். பின் வரிசையில் இருந்தவள் முன் பெஞ்சுக்கு வந்தேன். பெரிய பொய் ஒன்றைச் சொல்லப் போகும்போது அவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பார். நான் முகத்தைச் சும்மா வைத்திருந்தால் சொல்லிவிடுவார். ஞாயிறு மதியம் கீழ்ப் பாதையில் பஸ் இரைந்து ஏறும் சத்தம் வந்தால் கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்திருந்தேன். அதற்கு ஒரு பெயர் வைக்க எனக்கு அன்று தைரியம் இல்லை. பெயர் வைத்திருந்தாலும் அந்த மலையில் யாரிடமும் சொல்ல முடியாது.

அவருடைய வீடு எங்கே என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. கேட்டவர்களுக்கு ஒருமுறை நாலந்தா என்றார், ஒருமுறை உக்குவளை. இன்னொருமுறை, "தம்புள்ளைக்குப் போற வழியில" என்றார். முரண்பாடுகளைக் கவனித்து வைப்பது என் சுபாவம். இதையும் கவனித்தேன். கேட்கவில்லை.

இனி அந்தப் படம் வந்த ஞாயிற்றுக்கிழமை.

அதற்கு முன்னால் பாக்கியத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கொழுந்தெடுக்கும் பெண். கீழ் லயத்தில், அந்த நீண்ட வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா அவளுடையது. அவள் புருஷன் ராமையா கவ்வாத்துக்காரன். ஒரு காலையில் அவன் கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போய், ஒரு நிரை தேயிலையை அடிக்கட்டை வரை வெட்டிச் சாய்த்துவிட்டு, அதே கத்தியோடு லயத்துக்குத் திரும்பி வந்து, நடு வாசலில் நின்று சத்தம் போட்டு அழுதான். யாரையும் தொடவில்லை. கங்காணி வீட்டுக் கதவில் மட்டும் ஒரு வெட்டு விழுந்தது. அவனைக் கட்டி, கொழும்புப் பக்கத்து மனநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவன் தெளிந்துவிட்டான். வந்து கூட்டிப்போகலாம் என்று இப்போது தோட்டத்துக்குத் தகவல் வந்திருந்தது. லயத்துக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். பிள்ளை குட்டி ஓடியாடுகிற இடம் என்றார்கள். அடுத்த ஞாயிறு கோயிலில் கூடி முடிவெடுப்பதாகத் தொழிற்சங்கத் தலைவர் சொல்லியிருந்தார். வீட்டார் வராவிட்டால் அவன் அங்கேயேதான் கிடப்பான் என்பது பாக்கியத்துக்குத் தெரியும். அவள் அந்த வாரம் யாரோடும் பேசவில்லை. படம் பார்க்க வந்தது, வராவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு எழும் என்பதால்தான்.

இளைஞர்கள் பயப்படம் கேட்டிருந்தார்கள். மாத்தளைக் கடையில் உறையில் கத்தி இருப்பதைப் பார்த்து நானா ஒரு கசெட்டை எடுத்து வந்திருக்கிறார். தோட்டத்துச் செய்தி எதுவும் அவருக்குத் தெரியாது. படம் ஓடத் தொடங்கியது. கம்பி போட்ட ஜன்னல்கள், வெள்ளை அங்கி, கட்டிலில் கட்டிய வார். எனக்கு ஒரே நிமிஷத்தில் விளங்கிவிட்டது. பிள்ளைக்காம்பராவில் தலைகள் ஒவ்வொன்றாகப் பாக்கியத்தின் பக்கம் திரும்பின.

செல்வம் பின்னாலிருந்து சொன்னான்: "பாக்கியம் அக்கா, ஒங்க வூட்டுக்காரரு எப்ப வாராரு? அடுத்த சீனா?"

சிரிப்பு எழுந்தது. பாக்கியம் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தரையைப் பார்த்தாள். நானா கையை டெக்கின் மேல் வைத்தபடி என்னைப் பார்த்தார். என்ன என்று கண்ணால் கேட்டார். நான் குனிந்து, "அவ புருஷன் அப்படி ஒரு ஆஸ்பத்திரியில இருக்காரு நானா. லயத்துல எடுக்க மாட்டாங்களாம்" என்றேன்.

அவர் படத்தை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"இந்த மூணு பேருக்கும் சுகம். எப்பயோ சுகம். தடிச்ச ஆள் இரிக்காரே, அவரு பேக்கரி வச்சிருந்தவரு. கிழவர் பாடசாலையில தோட்டம் பாத்தவரு. சின்னவன் பேச மாட்டான். பேசத் தெரியாம இல்ல, பேசினா கேக்க ஆள் இல்ல. டொக்டர் இவங்கள விட மாட்டேங்கிறான். ஏன்னா ஊட்டுலேருந்து ஒருத்தரும் வரல்ல."

மூவரும் பனியில் ஓடினார்கள். "ஊருக்குப் போறாங்க" என்றார். முதல் கொலை வந்தது. வேலி வெட்டும் பெரிய கத்திரிக்கோலைப் பிடித்த ஒரு கை. கீழே ஒரு பெண்.

செல்வம் குதித்தான். "பாத்தீங்களா, கொன்னுட்டான்."

"யாரு கொன்னது?"

"அந்தத் தடியன்."

"நீ மூஞ்சியப் பாத்தியா?"

"கையப் பாத்தேன்."

"அந்தக் கை யாருதுன்னு ஒனக்கு யாரு சொன்னது?" என்றார் நானா, குரல் கொஞ்சம் ஏறி. "அது டொக்டரு வச்சிருக்கிற ஆளு. இவங்க ஓடின அன்னைக்கே ஊருல ஒன்னு நடந்தா, பழி யாரு தலையில விழும்? யோசிச்சுப் பாரு."

காம்பராவில் இருந்தவர்கள் யோசித்துப் பார்த்தார்கள். அந்த இயக்குநர் யாரோ, எங்கோ இருந்து, முகத்தைக் காட்டாமல் விட்ட புண்ணியம். ஒவ்வொரு கொலைக்கும் நானாவின் கதை கச்சிதமாகப் பொருந்தியது. தடிமனான ஆள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், எச்சரிக்கை சொல்லப் போகிறார். கிழவர் சுவரோரம் பதுங்கினால், உண்மையான கொலைகாரனைத் தேடுகிறார். ஒரே ஓர் இடத்தில் முகம் வருகிறது. அது வருவதற்குள் நானாவின் பெருவிரல் பொத்தானை அழுத்திவிட்டது. திரை முழுவதும் கோடுகள்.

"நாடா சிக்கிருச்சு" என்றார். கசெட்டை வெளியே எடுத்து, அடியில் விரலை விட்டு நிதானமாகச் சுற்றினார். சுற்றிக்கொண்டே இருந்தார். மறுபடி போட்டபோது அந்தக் கட்டம் தாண்டியிருந்தது.

கடைசிக் காட்சியில் சின்னவன் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறான். ஜன்னலில் வெளிச்சம். அடுத்த கொலை அங்கேதான் என்பது படம் எடுத்தவரின் எண்ணம். நானா சொன்னார்: "இது அவன்ட ஊடு. உள்ளுக்கு அம்மா ரொட்டி சுடுறா. வாசன வருது. தட்டலாமா வேணாமான்னு நிக்கிறான்."

பெயர்கள் ஓடத் தொடங்கின. கங்காணியின் மனைவி, கதவில் வெட்டு விழுந்த அதே வீட்டுக்காரி, கேட்டாள்: "தொறந்தாங்களா நானா?"

"தொறக்காம?"

"பயமா இருக்காதா?"

"இரிக்கும் தானே. அதுக்காக வாசல்லயே விட ஏலுமா?"

படத்தால்தான் லயம் மனம் மாறியது என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. அடுத்த ஞாயிறு கோயிலில் நான் இருந்தேன். அங்கே காதால் கேட்டதை மட்டும் சொல்கிறேன். ஆண்கள் நீண்ட நேரம் எதிர்த்துப் பேசினார்கள். கங்காணியின் மனைவி எழுந்து, "அந்த ஊமப் பையன் மாதிரி வாசல்லயே நிக்க விடுறதா? எங்க கதவுலதானே வெட்டு. நாங்களே சரின்னு சொல்றோம்" என்றாள். தலைவர் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். ஓர் ஆண் ஆள் பாக்கியத்தோடு கூடப் போய்ப் பொறுப்பெடுத்துக் கூட்டி வரவேண்டும். யார் போவது என்று கேட்டபோது, எல்லோரும் கோயில் கோபுரத்தைப் பார்த்தார்கள்.

அன்று மதியம் நானா வந்ததும் நான்தான் இதைச் சொன்னேன். அவர் டெக்கைத் திறந்து, துணியால் அதன் உள்ளே துடைத்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஆஸ்பத்திரி டீச்சர்?"

சொன்னேன். அவர் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். அதற்கு மேல் துடைக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. பிறகு, "நான் போறேன். எனக்கு வழி தெரியும்" என்றார். கசெட் வாங்கக் கொழும்புக்குப் போய் வருகிறவர். தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து நானா, பாக்கியம், ராமையா மூன்று பேரும் திரும்பினார்கள். லயத்து ஆட்கள் இஸ்தோப்பு என்கிற முன் திண்ணை ஓரங்களில் நின்றார்கள். ராமையா மெலிந்து, முடி ஒட்ட வெட்டி, கண்ணை நிலத்தில் வைத்து வந்தான். நானா பக்கத்தில் நடந்தபடி, படத்துக்குச் சொல்வது போலவே தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டு வந்தார். "இது செல்வம். இவனுக்கு வாய் கூட. அது கங்காணி ஊட்டு அக்கா. ஒனக்காகப் பேசினவ." ராமையா தலையை நிமிர்த்தி ஒவ்வொருவராகப் பார்த்தான். செல்வம் முன்னால் வந்து அவன் பையை வாங்கிக்கொண்டான். பாக்கியம் கதவைத் திறந்து அடுப்பைப் பற்றவைத்தாள். ராமையா அதற்குப் பிறகு பல வருஷம் அந்த மலையில் கவ்வாத்து வெட்டினான். அவன் கையில் கத்தியைக் கொடுக்க முதலில் தயங்கியவர்களும் பிறகு மறந்துபோனார்கள்.

நானா அன்று தேத்தண்ணிக்குக்கூட நிற்கவில்லை. பஸ் வரைக்கும் நான் நடந்து போனேன். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "அடுத்த கெழம நல்ல படமாக் கொண்டு வாறேன் டீச்சர்" என்றுதான் சொன்னார். கொண்டுவந்தார். பிறகும் சில மாதம் வந்தார். லயத்தில் வீட்டுக்கு வீடு டிவி ஏறத் தொடங்கியது; ஒரு ஞாயிறு பஸ் சத்தம் வந்தது, அவர் வரவில்லை. நான் பின்னர் மாற்றலாகி மாத்தளைக்கு வந்தேன். கல்யாணம் நடந்தது. நல்ல மனிதர், இப்போது இல்லை. பிள்ளைகள் வெளியூரில்.

படத்தை இணையத்தில் பார்த்த பிறகு, அது காட்டப்பட்ட வருஷத்தையாவது உறுதி செய்துகொள்ளலாம் என்று பஸ் ஏறிப் பாக்கியத்தைப் பார்க்கப் போனேன். மகனோடு றத்தோட்டை டவுனில் இருக்கிறாள். ராமையா காலமாகிவிட்டான். அவளுக்கு வருஷம் நினைவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன நாள் முழுவதும் நினைவிருந்தது.

"ஆஸ்பத்திரி கேட்டுக்குக் கிட்ட போனதும் நின்னுட்டாரு டீச்சர். கையில கட்டியிருந்த மணிக்கூட்டக் கழட்டி ஏங்கிட்ட குடுத்தாரு. நான் வெளிய வராட்டி நீ ராமையாவக் கூட்டிக்கிட்டு இந்தப் பஸ்ஸுல ஏறு, கொழும்புக் கோட்டையில எறங்கு, அங்க மாத்தளைப் பஸ்ஸ கேளுன்னு திரும்பத் திரும்பச் சொன்னாரு. எனக்கு ஒன்னும் வெளங்கல. ஆளுக்கு வேர்த்துக் கொட்டுது."

"ஏன்?"

"உள்ள வாட்டுல ஒரு வயசான நர்ஸ் மிஸ்ஸி இருந்தாங்க. சிங்கள ஆளு. இவரக் கண்டதும் அப்படியே நின்னுட்டாங்க. நீதானா, ஒன்னய எவ்வளவு தேடினோம், ஒன்னய யாரு வந்து கூட்டிக்கிட்டுப் போனதுன்னு சிங்களத்துல கேட்டாங்க. இவரு தலையக் குனிஞ்சுக்கிட்டு, யாரும் வரல்ல மிஸ்ஸி, நானே என்னயக் கூட்டிக்கிட்டுப் போனேன்னாரு."

பாக்கியமே தொடர்ந்தாள்.

"அந்தம்மா கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்க. ஆளக் கூப்பிட்டு இவரப் புடிச்சிருவாங்களோன்னு எனக்குப் பயம். கடைசில, அப்ப இந்த ஆளையும் நீயே கூட்டிக்கிட்டுப் போன்னு சொல்லிட்டுத் திரும்பிக்கிட்டாங்க."

"இவ்வளவு காலமும் ஏன் சொல்லல பாக்கியம்?"

"லயத்துல யாருக்கும் சொல்லாதேன்னாரு. படம் காட்ட விடமாட்டாங்க தானே. டீச்சருக்கும் வேணாம்னாரு. அத ரெண்டு தரம் சொன்னாரு. தெரிஞ்சா டீச்சர் பழைய மாதிரிப் பேச மாட்டாங்கன்னாரு."

"பேசியிருப்பேன்" என்றேன்.

பாக்கியம் என் முகத்தைப் பார்த்தாள்.

"அது அவருக்குத் தெரியலயே டீச்சர்" என்றாள்.